காந்தம் ஒட்டாத தகடு: வெளிநாட்டு முதலீட்டுத் தொழிற்சாலையும் ஒரு யாழ்ப்பாணப் பட்டறையும் – நிகழ்வு ஆய்வு

## நிகழ்வும் பதிவின் நோக்கமும்

யாழ் குடாநாட்டின் கரையோரத்தில் வெளிநாட்டு முதலீட்டுடன் இயங்கும் கடலுணவு பதனிடும் தொழிற்சாலை ஒன்றுக்கும், அதற்குச் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள லேத் பட்டறை ஒன்றுக்கும் இடையில் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தவற்றை இங்கே பதிவுசெய்கிறேன். இரு தரப்பினரின் பெயர்களையும் இடங்களையும் அவர்களுடைய விருப்பத்தின்படி தவிர்த்திருக்கிறேன். சிறு கைத்தொழில் முயற்சியாளருக்கு ஆலோசனை வழங்கும் பணியில் அப்போது நான் இருந்ததால், பெரும்பாலான பேச்சுகளில் நேரடியாக அமர்ந்திருந்தேன். பட்டறையின் கணக்குப் புத்தகத்தையும் தொழிற்சாலையின் ஏற்புப் படிவங்களையும் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

போர் முடிந்த பின் வடக்கில் வெளிநாட்டு முதலீடு பற்றிய பேச்சு பெரும்பாலும் அதை எப்படி வரவழைப்பது என்பதோடு நின்றுவிடுகிறது. காணி, வரிச்சலுகை, பாதை, 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் வந்த யாழ்தேவி, 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி என்று பட்டியல் நீள்கிறது. வந்த முதலீட்டிலிருந்து ஊர் எதைப் பெற்றது, பெற முடியாமற்போனது எது, ஏன் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் மிகக் குறைவாகவே விடை இருக்கிறது. ஒரு நாடு முதலீட்டிலிருந்து பயன்பெறும் ஆற்றலை எப்படி வளர்த்துக்கொள்கிறது என்பதை ஒரு மேசையின் வெல்டிங் மூட்டு அளவுக்கு நெருங்கிப் பார்த்தால்தான் அது உண்மையில் எங்கே தடைப்படுகிறது என்பது தெரியும் என்று நம்புகிறேன்.

## பின்னணி

பட்டறையின் உரிமையாளர் அறுபதை அண்மித்தவர். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையின் இயந்திரக் கூடத்தில் பயிலுநராகச் சேர்ந்து தொழில் பழகியவர். 1950இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் போரால் உற்பத்தியை நிறுத்தியது. அதனோடு வடக்கின் மிகப் பெரிய தொழிற்பயிற்சிக் கூடமும் மூடப்பட்டது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. தொடர்ந்து வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத குடாநாட்டில் மண்ணெண்ணெயில் ஓடும்படி மோட்டார் சைக்கிள்களை மாற்றிக் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். உதிரிப்பாகம் வராத இருபது ஆண்டுகளில், தேய்ந்த பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்து அதேபோல் இன்னொன்றைக் கடைந்து கொடுக்கும் திறமை அவரிடம் ஊறிப்போயிருந்தது. அளவெல்லாம் கையில் இருந்தது. தாளில் எதுவும் இல்லை. வரைபடம் கேட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவரும் அதுவரை இருந்ததில்லை.

தொழிற்சாலையின் உலகம் வேறு. நண்டை அவித்து, சதை பிரித்து, தகரத்தில் அடைத்து, குளிரூட்டி ஏற்றுமதி செய்யும் தொழில் அது. வாங்கும் நாட்டின் பரிசோதகர் ஒருவர் எந்த நாளும் வந்து, உணவைத் தொடும் எந்தப் பரப்பைப் பற்றியும் கேட்கலாம் என்ற நிலையில் ஒவ்வொரு பொருளுக்கும் தாள் வேண்டும். எழுதப்படாதது நடக்காததற்குச் சமம்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையிலான தூரம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. 1978ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தோடு பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு அமைந்து, கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டபோது ஆடைத் தொழிற்சாலைகள் விரைந்து வந்தன; ஆனால் துணியும் நூலும் ஸிப்பும் நீண்ட காலம் கப்பலிலேயே வந்தன. தைக்கும் கைகளுக்குக் கூலி கிடைத்தது. வலயத்தின் வேலிக்கு வெளியே இருந்த பட்டறைகளுக்குக் கிடைத்தது குறைவு. அமெரிக்க மின்னணு நிறுவனங்களான மோட்டரோலாவும் ஹரிஸும் 1980களின் தொடக்கத்தில் இலங்கையில் குறைகடத்தித் தொழிற்சாலை அமைக்கத் திட்டமிட்டு, 1983 ஜூலைக்குப் பின் விலகிக்கொண்டன. ஒரு நாடு தன் மக்களில் ஒரு பகுதியினரைப் பாதுகாக்கத் தவறும்போது இழப்பது அவர்களை மட்டுமல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. வடக்கைப் பொறுத்தவரை, காங்கேசன்துறையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் தந்த அரச துறைப் பயிற்சியும் போயிற்று; தெற்கின் வலயங்கள் தந்த அனுபவமும் வந்து சேரவில்லை.

1998இல் வெளியான, 69 வளரும் நாடுகளின் இருபதாண்டுத் தரவுகளை ஆராய்ந்த பொருளியல் ஆய்வு ஒன்று, கல்வி ஒரு குறைந்தபட்ச மட்டத்தை எட்டியிருந்தால் மட்டுமே வெளிநாட்டு முதலீடு வளர்ச்சிக்குக் கூடுதலாக உதவுகிறது என்று கண்டது. கல்விக்குப் பெயர்போன யாழ்ப்பாணத்துக்கு இது பொருந்தாதே என்று முதலில் தோன்றும். பின்வரும் நிகழ்வைப் பார்த்தபின் என் எண்ணம் மாறியது. நம்மிடம் கல்வி இருக்கிறது. ஆனால் அது பட்டறைக்குள் நடந்து வருவதில்லை.

## முதல் ஓடர்

2021இன் தொடக்கத்தில், கொரோனாவால் கொன்ரெய்னர்க் கட்டணம் பன்மடங்கு ஏறியிருந்த நேரம், நண்டுச் சதை பிரிக்கும் கூடத்துக்குத் தொழிற்சாலைக்கு 12 மேசைகள் தேவைப்பட்டன. முன்னர் அவை இயந்திரங்களோடு சேர்ந்து வெளிநாட்டிலிருந்து வந்தவை. இந்த முறை உள்ளூரில் செய்விக்கலாம் என்று முகாமையாளர் முடிவெடுத்து மூன்று பட்டறைகளிடம் விலை கேட்டார். கேட்டு அனுப்பியது ஆங்கிலத்தில் எழுதிய ஆறு பக்க ஆவணம். இரண்டு பட்டறைகள் பதிலே அனுப்பவில்லை. மூன்றாமவர், அதாவது நம் உரிமையாளர், ஆவணத்தைப் படிக்காமல் நேரே தொழிற்சாலைக்குப் போய், பழைய மேசையைச் சுற்றி நடந்து, குனிந்து அடிப்பக்கம் பார்த்து, வாயால் விலை சொன்னார். அது இறக்குமதி விலையின் பாதிக்கும் குறைவு. ஓடர் அவருக்குக் கிடைத்தது.

ஐந்து வாரத்தில் 12 மேசைகளும் போய்ச் சேர்ந்தன. பார்வைக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. வேலையின் நேர்த்தியை முகாமையாளர் மனமாரப் பாராட்டினார்.

ஏழாவது வாரம் காலையில் மேசைகளைத் துடைத்த பெண்ணொருத்தி, மூட்டுகளின் ஓரத்தில் கடுகளவான மண்ணிறப் புள்ளிகளைக் கண்டு தரக்கட்டுப்பாட்டு அலுவலரிடம் சொன்னார். தேய்த்தால் நிறம் போனது. மறுநாள் அதே இடத்தில் திரும்பி வந்தது. நகத்தால் தடவினால் மிகச் சிறிய குழி தட்டுப்பட்டது. உணவு படும் பரப்பில் குழி என்றால் அங்கே கிருமி ஒளிந்துகொள்ளும். எந்தக் கழுவலும் அதை எட்டாது. மேசைகள் அனைத்தும் கூடத்திலிருந்து அகற்றப்பட்டன. கொடுப்பனவு நிறுத்தப்பட்டது. உரிமையாளர் தகடு வாங்கப் பெற்ற கடன் அப்படியே நின்றது.

இந்த இடத்தில் விடயம் முடிந்திருக்க வேண்டியது. இப்படி முடிந்துபோன பல கதைகளை நான் அறிவேன். "உள்ளூர்க்காரருக்குத் தரம் தெரியாது" என்று ஒரு தரப்பும் "வெளிநாட்டுக் கொம்பனி ஏமாற்றிப்போட்டுது" என்று மறு தரப்பும் பேசிக்கொண்டு பிரிந்திருப்பார்கள். முடியாமற்போனதற்குக் காரணம் தரக்கட்டுப்பாட்டு அலுவலரான இளம்பெண். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. தானே பட்டறைக்குப் போய்ப் பார்க்க அனுமதி கேட்டார்.

## காரணம் தேடியபோது கண்டவை

முதற்சந்திப்பில் உரிமையாளர் ஒரு காந்தத்தை எடுத்து மேசையில் வைத்துக் காட்டினார். அது வழுக்கி விழுந்தது.

"காந்தம் ஒட்டேல்லைத்தானே பிள்ளை. நல்ல எஸ்.எஸ்.தான். பிறகென்ன பிழை?"

அவர் பொய் சொல்லவில்லை. கறள் பிடிக்காத உருக்கை அடையாளம் காண நம் ஊர்ப் பட்டறைகள் எல்லாம் நம்பியிருப்பது காந்தத்தைத்தான். ஆனால் 202 வகைக்கும் காந்தம் ஒட்டாது, 304 வகைக்கும் ஒட்டாது. 304இல் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை கூடிய உலோகம் என்பதால் 202இல் அதில் பாதியளவை மட்டும் விட்டு மிகுதிக்கு மங்கனீசைச் சேர்க்கிறார்கள். படிக்கட்டுக் கைப்பிடிக்கும் கேற்றுக்கும் அது போதும். உப்பும் குளோரீனும் நாள் முழுவதும் படும் இடத்தில் நிற்காது.

அலுவலர் தன்னுடன் ஒரு சிறிய சோதனைத் திரவப் போத்தலும் 9 வோல்ற் மின்கலமும் கொண்டுவந்திருந்தார். ஒரு துளியைத் தகட்டில் விட்டு மின்கலத்தைத் தொடுத்தால், மங்கனீசு மிகுந்த வகையில் துளி சில விநாடிகளில் சிவக்கும். சிவந்தது. உரிமையாளர் எதுவும் பேசவில்லை. போத்தலைத் தன் கைக்கு வாங்கி, பட்டறையில் கிடந்த தகட்டுத் துண்டுகள் ஒவ்வொன்றிலும் தானே துளி விட்டுப் பார்த்தார். ஹாட்வெயார் கடையில் ஒரே விலைக்கு, ஒரே பெயரில் வாங்கிய தகடுகளில் சில சிவந்தன, சில சிவக்கவில்லை. அன்று பின்னேரம் வரை அதையே செய்துகொண்டிருந்தார் என்று அவருடைய பெறாமகள் பின்னர் சொன்னாள். முப்பது ஆண்டுகளாகத் தான் நம்பிய சோதனை எதையும் சோதிக்கவில்லை என்பதை ஒரு தொழிலாளி அறிந்துகொண்ட நாள் அது.

தகடு மட்டும் காரணமில்லை. மூட்டுகள் சாதாரண ஆர்க் வெல்டிங்கில் செய்யப்பட்டிருந்தன. ஆகன் வாயு மூடிக் காக்கும் வெல்டிங்கில் செய்திருந்தால் மூட்டு நுண்துளையின்றி அமைந்திருக்கும். வெல்டிங் சூட்டில் கருகிய பகுதி அமிலப் பசையால் துப்புரவாக்கப்படவில்லை. இரும்பு வேலைக்குப் பாவித்த அதே கிரைண்டர்த் தட்டு இதற்கும் பாவிக்கப்பட்டதால் இரும்புத் துகள் பரப்பில் பதிந்திருந்தது. கால்களின் குழாய் முனைகள் அடைக்கப்படாமல் உள்ளே நீர் தேங்கியிருந்தது.

தொழிற்சாலையின் பக்கத்திலும் ஒரு பிழை வெளிப்பட்டது. இரவு வேலை முடிந்ததும் துப்புரவாளர்கள் குளோரீன் கரைசலை வேண்டியதிலும் செறிவாகக் கரைத்து, மேசையில் ஊற்றி, நல்ல நீரால் கழுவாமல் காலைவரை விட்டிருந்தார்கள். 304 வகை மேசையையும் காலப்போக்கில் அது அரித்திருக்கும். தன் நிறுவனத்தின் பிழையையும் அறிக்கையில் எழுதிய அலுவலரின் நேர்மைக்குத்தான், பின்னர் பட்டறைப் பக்கத்தில் உருவான நம்பிக்கை முழுவதும் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒரு காரணம் மேசையில் தெரியாதது. கொள்வனவுக் கட்டளையின்படி பணம், பொருளை ஏற்றுக்கொண்டதிலிருந்து 60 நாளில்தான் கிடைக்கும். பட்டறையிடம் அந்த 60 நாளைத் தாங்கும் முதல் இல்லை. அடைமானம் வைக்கக் காணியும் இல்லாததால் வங்கி மேலதிகப்பற்றும் இல்லை. எனவே கைக்காசுக்குக் கிடைத்த மலிவான தகட்டை வாங்க வேண்டியிருந்தது. ஆவணத்தின் நான்காம் பக்கத்தில் 304 என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அதை அவர் படித்திருந்தாலும் வாங்கியிருக்க முடியுமா என்பது என் ஐயம்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கூட்டத்தில் ஒரு யோசனை வலுவாக முன்வைக்கப்பட்டது: வெளிநாட்டு முதலீட்டுத் தொழிற்சாலைகள் தம் கொள்வனவில் ஒரு பங்கை உள்ளூரில் செய்யவேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தட்டும் என்பது. கேட்க நியாயமாக இருந்தாலும் நான் அதற்கு உடன்படவில்லை. 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் முதலீட்டு விதிகள் அத்தகைய கட்டாயத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதைவிட முக்கியமான காரணம், கட்டாயம் வந்தால் தொழிற்சாலை கொழும்பு இறக்குமதியாளர் ஒருவரிடம் பொருளை வாங்கி அதை உள்ளூர்க் கொள்வனவு என்று கணக்கில் காட்டிவிடும். நம் பட்டறை இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே பேச்சு வேறு திசைக்குப் போனது. நான்கு முடிவுகள் எடுக்கப்பட்டன.

12 மேசைகளையும் ஒரேயடியாகத் திருத்தாமல் 2 மேசைகள் மட்டும் புதிதாகச் செய்து, அவற்றை மூன்று மாதம் வேலையில் வைத்துப் பார்ப்பது முதலாவது. கடனில் இருந்த உரிமையாளருக்கு இது கசப்பாக இருந்தது. ஆனால் இரண்டாம் முறையும் தவறினால் மூன்றாம் முறை கிடைக்காது என்பதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, தகட்டைத் தொழிற்சாலையே, உலோகத்தின் வகையை உறுதிப்படுத்தும் ஆலைச் சான்றிதழுடன் வாங்கித் தர, பட்டறை செய்கூலியை மட்டும் பெறுவது. 60 நாள் சிக்கலும் கலப்படத் தகட்டுச் சிக்கலும் இதனால் ஒன்றாகத் தீர்ந்தன. பட்டறையின் இலாபம் ஓரளவு குறைந்தது உண்மை. அந்த நேரத்தில் அதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது முடிவே எல்லாவற்றிலும் பெரியது. தரக்கட்டுப்பாட்டு அலுவலர் கிழமைக்கு இரண்டு அரைநாள் பட்டறையிலேயே இருந்து வேலை நடக்கும்போது பார்ப்பது, அதுவும் தொழிற்சாலையின் சம்பளத்தில். முகாமையாளர் தயங்கினார். "நான் இன்னொருவருடைய தொழிலாளியைப் பழக்க இங்கே வரவில்லை" என்றார். அவருடைய நிலையிலிருந்து அது தவறான பேச்சன்று. சிங்கப்பூர் இதே தயக்கத்தை 1986இல் எதிர்கொண்டது. அங்கே தொடங்கிய உள்ளூர்க் கைத்தொழில் மேம்பாட்டுத் திட்டத்தில், பன்னாட்டு நிறுவனங்கள் அனுபவமுள்ள பொறியியலாளர் ஒருவரைத் தம் உள்ளூர் வழங்குநர்களுக்கு உதவ ஒதுக்கின. அவருக்கான செலவைப் பொருளாதார அபிவிருத்திச் சபை ஏற்றது. தொழிற்சாலைக்கும் பட்டறைக்கும் நடுவில் நிற்கும் மனிதரின் நேரத்துக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும் என்பதை அந்த நாடு புரிந்துகொண்டிருந்தது. அயர்லாந்தும் 1985இல் தேசிய இணைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மலேசியாவின் பினாங்கில் 1989இல் மாநில அரசும் தொழிற்சாலைகளும் சேர்ந்து திறன் அபிவிருத்தி நிலையத்தை அமைத்தன; போட்டி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் தொழிலாளரைப் பழக்கின. எங்களிடம் அப்படியொரு நிதி இல்லை. இறக்குமதி மேசைக்கான புதிய விலைமனுவையும் வந்து சேர எடுக்கும் மாதங்களையும் முகாமையாளர் முன் வைத்தோம். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று அவர் சம்மதித்தார்.

நான்காவது, ஒரு கொப்பி. வரும் ஒவ்வொரு தகட்டிலும் அச்சிட்டிருக்கும் வார்ப்பு இலக்கத்தை (ஆலையில் எந்தத் தொகுதி உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) எழுதி, அந்தத் தகடு எந்த மேசைக்குப் போனது, யார் வெல்டிங் செய்தார், எந்த நாள் என்று பதிவது. உரிமையாளர் இதை வேலையாகவே மதிக்கவில்லை. எழுதியவள் அவருடைய பெறாமகள். உயர்தரத்தில் 2013இல் அறிமுகமான தொழில்நுட்பப் பிரிவில் படித்துவிட்டு, அரச வேலைக்கு விண்ணப்பித்து வீட்டில் இருந்தவள். பட்டறை என்பது பெண்பிள்ளை போகும் இடமல்ல என்ற வீட்டார் எதிர்ப்பு முதல் மாதம் முழுவதும் இருந்தது. தரக்கட்டுப்பாட்டு அலுவலரும் பெண் என்பதால் அது மெல்லத் தணிந்தது. முதலில் கொப்பி, பிறகு மைக்ரோமீற்றர், பிறகு ஓட்டோகாட் வரைபடம் என்று அவள் வேலை விரிந்தது. பெரியப்பா கையால் காட்டும் அளவை அவள் தாளில் இறக்கினாள். தாளில் வந்த அளவை அவருக்கு வாயால் சொன்னாள். கல்வி பட்டறைக்குள் நடந்து வந்தது இப்படித்தான்.

## தொடர்ந்து நடந்தவை

இரண்டு மேசைகளும் மூன்று மாதச் சோதனையில் தேறின. தகட்டு மாதிரி ஒன்று கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிக்கப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. மீதி 10 மேசைகளுக்கும், பின்னர் வடிகால் மூடிகளுக்கும் தட்டு வண்டிகளுக்கும் ஓடர் வந்தது. அலுவலரின் மூன்று மாத அனுமதியும் யாரும் கேட்காமலே நீண்டது.

உண்மையான சோதனை 2022இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது. இறக்குமதிக்கு வேண்டிய நாணயக் கடிதத்தை வங்கிகளில் திறக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன. கிடைத்த கொஞ்ச நண்டையும் பதனிட முடியாதபடி, அதே கிழமைகளில் தொழிற்சாலையின் உப்புநீர்ப் பம்பியின் தண்டு முறிந்தது. வெளிநாட்டிலிருந்து புதியது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முறிந்த தண்டு பட்டறைக்கு வந்தது. பெறாமகள் அதை ஏழு இடங்களில் அளந்து வரைந்தாள். உப்புநீருக்கு 304 போதாது, மொலிப்டினம் ஏறத்தாழ 2 வீதம் சேர்ந்த 316 வேண்டும் என்று, எவரும் சொல்வதற்கு முன் உரிமையாளரே கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் அங்கே இருந்தேன். காந்தத்தை எடுத்துக் காட்டிய அதே மனிதர். இடையில் கழிந்தது ஒரு வருடமும் சில மாதங்களும்தான். மின்வெட்டுக்கு இடையில் லேத் ஓடிய மணித்தியாலங்களில் தண்டு கடையப்பட்டது. பம்பி ஓடியது.

அவ்வருடப் பிற்பகுதியில் கொள்வனவாளரின் பரிசோதகர் வந்து, பம்பியின் புதிய தண்டுக்கு உலோகச் சான்று கேட்டார். கொப்பி கொண்டுவரப்பட்டது. வார்ப்பு இலக்கமும் சான்றிதழும் பொருந்தின. பரிசோதகர் கொப்பியைப் படம் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

## விளைவு

நான்கு பேருடன் இருந்த பட்டறையில் இப்போது ஏழு பேர் இருக்கிறார்கள். ஐஸ் தொழிற்சாலைகள், பால் சேகரிப்பு நிலையம், விடுதிச் சமையலறைகள் என்று புதிய வாடிக்கையாளர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களில் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை என்றாலும் பட்டறை கொடுக்கிறது. வெளிநாட்டு முதலீட்டின் பயன் என்று நான் எண்ணுவது இதைத்தான்: தொழிற்சாலையின் தேவை ஒரு பழக்கத்தை உண்டாக்கி, அந்தப் பழக்கம் தொழிற்சாலைக்குத் தொடர்பில்லாத இடங்களுக்கும் பரவுவது.

அதன் அளவை மிகைப்படுத்தக் கூடாது. குளிரூட்டிகள், தகரம் மூடும் இயந்திரம், உலோகம் கண்டறியும் கருவி, பொதி எல்லாம் இன்றும் இறக்குமதிதான். தொழிற்சாலையின் செலவில் பட்டறைக்கு வருவது மிகச் சிறிய பங்கு. இந்தத் தொழிலின் அடித்தளமான கடலோ, தென்னிந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்லும் கடல். மீனவரின் வலை பாதுகாக்கப்படாவிட்டால் மேசையில் வைக்க நண்டு இருக்காது.

ஆகன் வெல்டிங் பழகிய மூவரில் ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். இன்னொருவர் தென்மராட்சியில் தனிப் பட்டறை தொடங்கி, சில விலைமனுக்களில் நம் உரிமையாளரைவிடக் குறைத்துக் கொடுக்கிறார். "பழக்கிவிட்டது நான், பறிச்சுக்கொண்டு போறது அவன்" என்று உரிமையாளர் வருந்தினார். அவருடைய வருத்தம் புரிந்தாலும் இதை இழப்பாக நான் பதியவில்லை. பங்களாதேசத்தின் தேஷ் என்ற ஆடை நிறுவனம் கொரியாவின் டேவூவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி 1979இல் 130 பேர் பயிற்சிக்காகக் கொரியா போனார்கள். திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் விலகி வேறு நிறுவனங்களுக்குப் போனார்கள் அல்லது சொந்தமாகத் தொடங்கினார்கள். தேஷ் நிறுவனத்துக்கு அது நட்டம். பங்களாதேசத்தின் ஆடைக் கைத்தொழில் அங்கிருந்துதான் பரவியது. கட்டாருக்குப் போனவர் திரும்பி வரவும் கூடும்.

கொஸ்ராறிக்காவில் இன்ரெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் அமைத்த தொழிற்சாலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியபோது, பழகிய பொறியியலாளர்களும் அவர்களுக்காகத் திருத்தப்பட்ட பாடத்திட்டங்களும் அந்நாட்டில் எஞ்சின. நம் தொழிற்சாலை நாளை மூடப்பட்டால் இங்கே எஞ்சுவது என்ன என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு பட்டறையும் மூன்று கொப்பிகளும் வரையத் தெரிந்த ஒரு பெண்ணும் எஞ்சும். 2021இல் கேட்டிருந்தால் விடை வெறும் கட்டடம் என்றுதான் இருந்திருக்கும்.

## மீண்டும் செய்வதாயின்

எல்லாம் ஒரு தனிமனிதரின் அக்கறையில் தொங்கியது இந்த நிகழ்வின் மிகப் பெரிய பலவீனம். அந்த அலுவலர் அனுமதி கேட்டிராவிட்டால் இந்த ஆய்வே இல்லை. முதலீட்டாளருக்கு வரிச்சலுகை வழங்கும்போதே, வழங்குநர்களுடன் நேரம் செலவிடும் ஓர் அலுவலரை ஒப்பந்தத்தில் எழுதி, அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கவேண்டும் என்று முதலீட்டுச் சபைக்கும் மாகாண அமைச்சுக்கும் பரிந்துரைப்பேன். நாடு விட்டுக்கொடுக்கும் வரியோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய செலவு.

சோதனைத் திரவம் முதல் நாளிலேயே பட்டறையில் இருந்திருக்க வேண்டும். ஹாட்வெயார் கடைகளிலும் இருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருள் இல்லாததால் 12 மேசைகள் வீணாயின. அவற்றில் பத்தைச் சந்தைக் கடைக்காரர்கள் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்; உரிமையாளரின் கடன் முழுவதும் அடைபட இரண்டு ஆண்டுகள் எடுத்தன. அந்தக் கடனைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாட்டை நாங்கள் யாரும் முன்வைக்கவில்லை. துப்புரவுப் பிழையில் தொழிற்சாலைக்கும் பங்கு இருந்தது என்று எழுத்தில் இருந்தும், அதை வைத்து ஒரு பகுதிக் கொடுப்பனவையாவது நான் கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு.

ஆங்கிலத்தில் அனுப்பிய ஆறு பக்க ஆவணத்துக்குப் பதிலாக இப்போது ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் பயன்படுகிறது. பெறாமகளும் அலுவலரும் சேர்ந்து எழுதியது. தகட்டின் வகை, தடிப்பு, வார்ப்பு இலக்கம், வெல்டிங் முறை, மூட்டுத் துப்புரவு, குழாய் முனை அடைப்பு, பணம் கிடைக்கும் நாள் என்று ஏழு வரிகள். விலை கேட்டு அனுப்பும்போது தொழிற்சாலை முதல் ஐந்து வரிகளையும் கடைசி வரியையும் நிரப்பி அனுப்புகிறது. ஆறாவது வரியைப் பட்டறை நிரப்பிக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. கடந்த முறை இந்தப் படிவம் அனுப்பப்பட்டபோது, முன்னர் பதிலே அனுப்பாத இரண்டு பட்டறைகளும் விலை கொடுத்திருந்தன.